ரோடியோ ஓட்டுற கன்ட்ரி பாடகர்னா யாரு? கிறிஸ் லெடூவை வச்சு ஒரு எளிய அறிமுகம்

அமெரிக்க கன்ட்ரி மியூசிக் கேக்க ஆரம்பிக்கிறவங்க கண்ணுல முதல்ல படுறது தொப்பிதான். தொப்பி, பூட்ஸ், பெல்ட்டுல தட்டு சைஸுக்கு ஒரு பக்கிள். இவங்கெல்லாம் நிஜமாவே குதிரை ஏறினவங்களான்னு கேட்டா, பெரும்பாலும் இல்லைங்க. அந்த டிரஸ் பாட்டுக்காரங்க கிட்ட பரவினதுக்கு முக்கியக் காரணம் ஹாலிவுட். 1930கள்ல ஜீன் ஆட்ரி மாதிரி ஆளுங்க படத்துல குதிரை மேல உக்காந்து பாட ஆரம்பிச்சாங்க, ஆட்ரியே அதுக்கு முன்னாடி ஓக்லஹோமாவுல ரயில்வே தந்தி ஆபீஸ்ல வேலை பாத்தவர்தான். அப்புறம் மினுமினுன்னு கல்லு பதிச்ச கோட் வந்துச்சு, அத தச்சுக் குடுத்து பேர் வாங்கின நூடி கோன் கீவ்ல பிறந்து கலிஃபோர்னியாவுல கடை வச்சிருந்த டெய்லர். ஆக அந்த வேஷத்துல பாதி சினிமா, பாதி தையல் கடை.

இந்தக் கூட்டத்துக்குள்ள ரொம்ப சின்னதா ஒரு தனி ரகம் உண்டு. ரோடியோன்னு துள்ளுற குதிரை, காளை மேல ஏறி ஓட்டுற விளையாட்டுல நிஜமாவே போட்டி போட்டு, விழுந்து, எலும்பு உடைச்சு, அதே வாழ்க்கையப் பாட்டா எழுதினவங்க. அவங்கள்ல எல்லாரும் முதல்ல சொல்ற பேரு கிறிஸ் லெடூ. 1948ல பிறந்தவர், 2005ல போயிட்டார், 1976ல குதிரை ஏத்தத்துல உலக சாம்பியன். "அவரு நல்லா பாடுவாரு, கூடவே குதிரையும் ஓட்டுவாரு"ன்னு ஒரு வரில முடிச்சா அவர் பாட்டு ஏன் அப்படி இருக்குன்னு புரியாது. ரோடியோல காசு எப்படி வருது, எப்படிப் போகுதுன்னு தெரிஞ்சாத்தான் அந்த ஆளு புரியும்கிறது என் அபிப்பிராயம், அதனால முதல்ல அங்கேருந்து வர்றேன்.

ரோடியோங்கிறது மாட்டுப் பண்ணை வேலையில இருந்து வந்த போட்டி. பழக்கப்படாத குதிரைய அடக்குறது, கன்னுக்குட்டிய கயிறு வீசிப் பிடிக்கிறது, இதெல்லாம் அங்க தினசரி வேலை, யாரு கெட்டிக்காரன்னு பந்தயம் கட்டி அதுவே விளையாட்டாச்சு. வயோமிங் மாநிலத்துல செயென் ஊர்ல நடக்குற பெரிய ரோடியோ 1897ல ஆரம்பிச்சது, இன்னைக்கும் வருஷா வருஷம் ஜூலைல நடக்குது. காளை ஏறுறது, சேணம் போட்ட குதிரை, சேணம் இல்லாத குதிரை, பீப்பாய்களச் சுத்தி குதிரைய விரட்டுற பேரல் ரேசிங், கயிறு வீசுற போட்டிகள்னு பல வகை இருக்கு. லெடூ ஓட்டினது சேணம் இல்லாத வகை, அதுக்குப் பேரு பேர்பேக்.

இத கொஞ்சம் விவரமா சொல்லியே ஆகணும், ஏன்னா வெறும் எட்டு செகண்ட் விளையாட்டு இது, ஆனா அந்த எட்டு செகண்டுக்குள்ள ஏகப்பட்ட சங்கதி இருக்கு. குதிரையோட முன்தோள் பக்கம் ரிக்கிங்னு ஒரு தோல் பட்டை கட்டியிருப்பாங்க, அதுல சூட்கேஸ் கைப்பிடி மாதிரி ஒரு பிடி இருக்கும், அவ்வளவுதான், கடிவாளம் கிடையாது, கால் வைக்க வளையம் கிடையாது. ஒரு கைய கையுறையோட அந்தப் பிடிக்குள்ள இறுக்கமா நுழைச்சு, குங்கிலியப் பொடி தேச்சு வழுக்காம பண்ணிக்குவாங்க. இன்னொரு கை ஆகாயத்துல இருக்கணும், அது குதிரை மேலயோ தன் மேலயோ பட்டுச்சுன்னா அவுட். கேட்டைத் திறந்ததும் குதிரை முதல் துள்ளு துள்ளி முன்னங்கால் தரையில படுற நேரத்துல ஓட்டுறவரோட ரெண்டு பூட்ஸ் குதிகால்லயும் மாட்டியிருக்கிற முள்ளு குதிரையோட தோள்பட்டை மேல பட்டிருக்கணும், இல்லைன்னா மிச்ச நேரம் எவ்வளவு அழகா ஓட்டினாலும் மார்க் கிடையாது. அதாவது ஆரம்பத்துலயே காலத் தூக்கிட்டு மல்லாந்த மாதிரி வெளிய வரணும். உயிர் பயம் இருக்கிறவனுக்கு உடம்பு அப்படியே குனிஞ்சு குதிரைய கட்டிக்கத்தான் பாக்கும், இந்த விதி அதுக்கு நேர் எதிரா இருக்கு.

மொத்த மார்க் 100. ரெண்டு ஜட்ஜ். அதுல பாதிதான் மனுஷனுக்கு, மீதிப் பாதி குதிரைக்கு, குதிரை எவ்வளவு உக்கிரமா துள்ளுச்சுங்கிறதுக்கு. எந்தக் குதிரை யாருக்குன்னு சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் முடிவு பண்ணுவாங்க. இப்ப யோசிச்சுப் பாருங்க, நீங்க ராத்திரி பூரா வண்டி ஓட்டிட்டு வந்து, உங்க பேருக்கு நேரா ஒரு சோம்பேறிக் குதிரை விழுந்துடுச்சுன்னா, நீங்க எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் பாதி மார்க் அங்கேயே காலி. யார்கிட்டயும் போய் சண்டை போட முடியாது. அடுத்த ஊருக்குப் போய் அடுத்த சீட்டப் பாக்க வேண்டியதுதான். ரோடியோக்காரங்க பேச்சுலயும் பாட்டுலயும் திரும்பத் திரும்ப வர்ற அந்த "கிடைச்சத ஓட்டு, சாக்கு சொல்லாத" மனசு எங்கேருந்து வருதுன்னு கேட்டா, ஒரு பெரிய பங்கு இந்த சீட்டுக் குலுக்கல்ல இருந்துதான்னு நான் நினைக்கிறேன்.

சரி, காசு. பேஸ்பால் ஆடினா டீம் சம்பளம் குடுக்கும். ரோடியோல சம்பளமே இல்ல, ஓட்டுறவர்தான் என்ட்ரி ஃபீஸ் கட்டணும். ஒவ்வொரு ஊர்லயும். ஜெயிச்சு முதல் சில இடத்துக்குள்ள வந்தா பரிசுப் பணம், வரலைன்னா கட்டின ஃபீஸும் போச்சு, பெட்ரோலும் போச்சு, ரூம் வாடகையும் போச்சு, கை உடைஞ்சா ஆஸ்பத்திரி செலவும் தலையில. ஒரு காலத்துல இது இதைவிட மோசம். 1936ல பாஸ்டன்ல ஒரு பெரிய ரோடியோல, ஓட்டுறவங்க கட்டுற ஃபீஸக் கூட பரிசுல சேர்க்காம நடத்துறவரே வச்சுக்கிட்டதால கௌபாய்கள் வேலைநிறுத்தம் பண்ணாங்க. அப்படி உருவான சங்கத்துக்கு அவங்களே வச்சுக்கிட்ட பேரு ஆமைகள் சங்கம், ரொம்ப மெதுவாத்தான் கிளம்பினோம், ஆனா கடைசில கழுத்த நீட்டிட்டோம்னு அர்த்தமாம். அதுதான் பின்னாடி பேர் மாறி மாறி இன்னைக்கு இருக்கிற தொழில்முறை ரோடியோ சங்கமாச்சு. சங்கம் வந்தும் என்ட்ரி ஃபீஸ் மட்டும் போகல.

அதனால வருமானம் வேணும்னா ஒரே வழி, நிறைய ஊர்ல ஓட்டணும். ஜூலை 4 அமெரிக்க சுதந்திர தினம், அதைச் சுத்தி ஒரு வாரம் பத்து நாளைக்கு நாடு பூரா ரோடியோ நடக்கும், அந்த சீசனுக்கு கௌபாய் கிறிஸ்துமஸ்னே பேரு. மத்தியானம் ஒரு ஊர்ல ஓட்டிட்டு, நாலு பேரு ஒரு வண்டியில பெட்ரோல் காச பங்கு போட்டு, ராத்திரி பூரா மாத்தி மாத்தி ஓட்டி, மறுநாள் வேற மாநிலத்துல இறங்குவாங்க. எட்டு செகண்ட் குதிரை மேல, மீதி வாழ்க்கை ஹைவேல. ரோடியோ பாட்டுன்னா முழுக்க குதிரையப் பத்தியே இருக்கும்னு நினைச்சு கேக்கப் போறவங்க ஏமாந்து போறது இதனாலதான். பாதிப் பாட்டு ரோடு, காபி, மோட்டல், வீட்டுக்கு போன் பண்ண சில்லறை இல்லாதது, இப்படித்தான் போகும்.

இப்ப லெடூகிட்ட வரலாம். பிறந்தது மிசிசிபில பிலாக்சிங்கிற ஊர்ல. அப்பா விமானப்படைக்காரர், அதனால சின்ன வயசுலயே ஊர் ஊரா மாறின குடும்பம். குதிரை பழகினது மிச்சிகன்ல தாத்தா பாட்டியோட பண்ணைக்குப் போனப்போ. டெக்சாஸ்ல இருந்தப்போ 13 வயசுலயே ரோடியோல இறங்கிட்டார், அப்புறம் குடும்பம் செயெனுக்கு வந்துச்சு, ரோடியோ பைத்தியம் பிடிச்ச பையனுக்கு அதைவிட தோதான ஊர் கிடைக்காது. ஹைஸ்கூல்ல படிக்கும்போதே வயோமிங் மாநில பேர்பேக் பட்டம் ரெண்டு தடவை. அதை வச்சு கேஸ்பர் காலேஜ்ல ரோடியோ ஸ்காலர்ஷிப். ஆமாங்க, அங்க காலேஜ்ல ரோடியோ டீம் இருக்கு, அதுக்கு ஸ்காலர்ஷிப்பும் இருக்கு. 1969ல காலேஜ்களுக்கு இடையிலான தேசிய பேர்பேக் பட்டத்த ஜெயிச்சு, 1970ல முழுநேரமா தொழில்ல இறங்கினார்.

இறங்கினதும் மேல சொன்ன கணக்கு அவரையும் பிடிச்சுக்கிச்சு. ஃபீஸ் கட்டணும், பெட்ரோல் போடணும். ஏற்கெனவே டீன் ஏஜ்ல இருந்தே கிடார், மவுத் ஆர்கன், பாட்டு எழுதுற பழக்கம் இருந்துச்சு. அத பதிவு பண்ணி டேப் போட்டு, ரோடியோ நடக்குற இடத்துலயே தன்னோட பிக்கப் வண்டி பின்னாடி வச்சு வித்தார். அப்பாவும் அவரும் சேர்ந்து குடும்பக் கம்பெனி ஒண்ணு ஆரம்பிச்சு அதுல வெளியிட்டாங்க. பெரிய கம்பெனி யாரும் கூப்பிடல, அவரும் வாசல்ல போய் நிக்கல. வாங்கினது யாருன்னு பாத்தா கூட ஓட்டுற ஆளுங்க, பண்ணைக்காரங்க, ரோடியோ பாக்க வந்தவங்க. ரேடியோல பேருக்குக்கூட வராத ஒருத்தர், 1982க்குள்ள 2,50,000 பிரதிக்கு மேல வித்துட்டார், 1989 முடியுறதுக்குள்ள சொந்தமாவே 22 ஆல்பம் போட்டுட்டார். இன்னைக்கு இண்டி ஆர்ட்டிஸ்ட்னு பெருமையா சொல்லிக்கிறோமே, அத அந்தப் பேரு இல்லாமலே ஒரு மனுஷன் வண்டி டிக்கில வச்சு நடத்தியிருக்கார்.

கேட்கிறவங்க அதே தொழில்காரங்களா இருக்கிறதுல ஒரு வில்லங்கம் உண்டு, பொய் சொல்ல முடியாது. கன்ட்ரி இசைத் தொழிலோட தலைநகரமான நாஷ்வில்ல உக்காந்து ரோடியோ பாட்டு எழுதுறவர் குதிரைய எப்படி வேணா வர்ணிக்கலாம், கேக்குற டவுன் ஆளுக்கு வித்தியாசம் தெரியாது. லெடூ பாட்டக் கேக்குறவனோ காலைல அதே குதிரையில இருந்து விழுந்தவன். ரிக்கிங்க எங்க கட்டுறது, கை எங்க வலிக்கும், ஜட்ஜ் எங்க மார்க் குறைப்பான்னு எல்லாம் அவனுக்குத் தெரியும். அதனால அவரோட பழைய பாட்டுகள்ல வீரவசனம் கம்மி, விவரம் ஜாஸ்தி. வயசாகி ஓட்ட முடியாமப் போன ஆளு, தோத்துட்டு ராத்திரி வண்டி ஓட்டுறவன், வீட்டுல காத்திருக்கிற பொண்டாட்டி, வயோமிங் குளிர், நல்ல குதிரை மேல ஒரு மரியாதை. ஜெயிச்ச பெருமைய விட இதெல்லாம்தான் அதிகம். தன்னோட இசைய அவரே வெஸ்டர்ன் சோல், புதர்க்காட்டு ப்ளூஸ், கௌபாய் ஃபோக், ரோடியோ ராக் அண்ட் ரோல் எல்லாம் கலந்ததுன்னு சொல்லியிருக்கார், பழைய டேப்புல ஃபோக் தூக்கலா இருக்கும், பின்னாடி வந்ததுல ராக் தூக்கலா இருக்கும்.

உலக சாம்பியன் ஆனது 1976ல, ஓக்லஹோமா சிட்டில நடந்த நேஷனல் ஃபைனல்ஸ்ல, அதாவது வருஷக் கடைசில நடக்குற இறுதிப் போட்டில. இந்த இடத்துல ஒரு சுவாரசியமான விஷயம் இருக்கு. பொதுவா ரோடியோல வருஷம் பூரா யாரு அதிகமா பரிசுப் பணம் சம்பாதிச்சாங்களோ அவங்கதான் சாம்பியன், பணமே ஸ்கோர்போர்டு. ஆனா 1976ல இருந்து மூணு வருஷம் மட்டும் விதிய மாத்தி, ஃபைனல்ஸ்ல யாரு அதிகம் ஜெயிக்கிறாங்களோ அவங்களுக்கு உலகப் பட்டம்னு வச்சாங்க. அதுக்கு முந்தின அஞ்சு வருஷமும் பேர்பேக் பட்டத்த யாருக்கும் விடாம வச்சிருந்தவர் ஜோ அலெக்சாண்டர், அவரும் வயோமிங் ஆளுதான். அப்போ லெடூவுக்கு அதிர்ஷ்டம் அடிச்சதான்னு கேட்டா, அடிச்சது, ஆனா ஃபைனல்ஸ்ல தினமும் ஏறி உக்காந்து ஓட்டினது அவர்தானே. அந்த வருஷத்துக்கு அப்புறம் அவர் பாட்டுக்கு ஒரு முத்திரை விழுந்துச்சு, உலக சாம்பியனுக்குக் குடுக்குற தங்க பக்கிள் வாங்கின ஆளு பாடுறார்னு.

அடி மேல அடி பட்டு 1980கள்ல குதிரை ஏறுறத விட்டுட்டார். வயோமிங்ல கேசிங்கிற ஊர் பக்கம் பண்ணை. மொத்த ஊரே 300 பேர் தேறாது. 1972ல பெகிங்கிறவங்கள கல்யாணம் பண்ணியிருந்தார், அஞ்சு பிள்ளைங்க. மாடு மேய்க்கிறது, வெண்கலச் சிற்பம் செய்யுறது, நடு நடுவுல கச்சேரின்னு போயிட்டிருந்துச்சு வாழ்க்கை.

அப்படியே போயிருந்தா வெளியுலகத்துக்கு அவர் பேரு தெரிஞ்சிருக்காது. 1989ல கார்த் புரூக்ஸ்னு ஓக்லஹோமால இருந்து ஒரு புதுப் பையன் வர்றார். அவரோட முதல் சிங்கிளே ஒரு களைச்சுப்போன ரோடியோக்காரனப் பத்தினது, அதுல ஒரு வரில, தேஞ்சுபோன கிறிஸ் லெடூ டேப்புன்னு பேரச் சொல்லியே பாடிட்டார். பாட்டு கன்ட்ரி தரவரிசைல டாப் 10க்குள்ள போச்சு, நாடு பூரா "யாருய்யா இந்த லெடூ"ன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. அதுக்கப்புறம் கார்த் இருந்த கம்பெனியே லெடூவையும் சேர்த்துக்கிச்சு, 1991ல முதல் பெரிய கம்பெனி ஆல்பம் வந்துச்சு, அந்தப் பழைய 22 ஆல்பத்தையும் மறுபடி போட்டாங்க. 1992ல கார்த்தோட சேர்ந்து பாடின பாட்டு ஏழாவது இடம் வரைக்கும் போச்சு, அவரோட ஒரே டாப் 10 ஹிட் அதுதான். வயசு அப்போ 43.

இங்கதான் அவர் மனசு எப்படின்னு நல்லா தெரியும். ஒரு ஹிட் கிடைச்சதும் நாஷ்வில்ல வீடு வாங்கல, கேசியவிட்டு நகரல. கச்சேரி முடிஞ்சா பண்ணைக்குத் திரும்பிடுவார். ஆனா மேடையில ஏறினா வேற ஆளு, ஓட்டம், குதி, பட்டாசு, மேடை மேலயே மெஷின் காளை வச்சு அதுல ஏறி ஆட்டம், கார்த் புரூக்ஸோட அந்த பிரம்மாண்ட மேடை ஸ்டைலுக்கு லெடூவும் ஒரு முன்னோடின்னு சொல்றவங்க உண்டு, எனக்கும் அப்படித்தான் தோணுது. எட்டு செகண்டுல எல்லாத்தையும் கொட்டிடணும்னு பழகின உடம்பு மேடையில மட்டும் நிதானமா நிக்குமா என்ன.

இதையெல்லாம் ரொம்ப ரொமான்டிக்கா எடுத்துக்கவும் வேண்டாம். சுதந்திரமா ரோட்டுல திரியுறேன்னு ஒரு ரோடியோக்காரன் பாடுறப்போ, அந்த சுதந்திரத்துக்கு வீட்டுல பிள்ளைங்களோட ஒருத்தி விலை குடுத்திட்டிருப்பா. லெடூ பாட்டுல அது கொஞ்சமாவது வருது, நிறைய பேரு பாட்டுல வர்றதே இல்ல. உடம்பும் அப்படித்தான். காளை ஏறுறவங்க இன்னைக்கு போடுற பாதுகாப்பு வெஸ்ட், 1989ல செயென்ல லேன் ஃப்ராஸ்ட்ங்கிற சாம்பியன் காளை முட்டி செத்ததுக்கு அப்புறம்தான் பரவலாச்சு, அதுவரைக்கும் வெறும் சட்டைதான். வலிய வெளிய சொல்லாம இருக்கிறது வீரம்னு பாட்டு கேக்க நல்லா இருக்கும், வாழ்க்கைக்கு அது எவ்வளவு நல்லதுன்னு எனக்கு சந்தேகம்தான்.

மிருகங்கள் விஷயமும் உண்டு. குதிரை துள்ளுறதுக்கு அதோட இடுப்புப் பக்கம் ஒரு பட்டை கட்டுவாங்க. அது பிறப்புறுப்புல கட்டுறதுன்னு பரவலா ஒரு நம்பிக்கை இருக்கு, அது தப்பு, கட்டுறது பின்வயித்துல. ஆனாலும் அது மிருகத்துக்கு தொந்தரவுதான்னு மிருக நல அமைப்புகள் எதிர்க்கிறாங்க, நல்லா துள்ளுற குதிரைக்கு மனுஷன விட மரியாதை அதிகம், வம்சம் பாத்து வளர்க்கிறோம்னு ரோடியோக்காரங்க சொல்றாங்க. என்னைக் கேட்டா குதிரைய விட, ஓடுற கன்னுக்குட்டி கழுத்துல கயிறு விழுந்து சுண்டி இழுபடுறதப் பாக்கத்தான் கஷ்டமா இருக்கு.

2000ல லெடூவுக்கு பித்தநாளத்தையும் கல்லீரலையும் அரிக்கிற ஒரு நோய் வந்து, கல்லீரல் மாத்தணும்னு ஆயிடுச்சு. கார்த் புரூக்ஸ் தன் கல்லீரல்ல ஒரு பகுதிய தர்றேன்னு முன்வந்தார், டெஸ்ட்ல பொருந்தல, வேற கொடையாளர் கிடைச்சு அக்டோபர்ல ஆபரேஷன் ஆச்சு. அதுக்கப்புறமும் பாடினார், ரெண்டு ஆல்பம் போட்டார். 2004 கடைசில பித்தநாளத்துல கேன்சர். 2005 மார்ச் 9ஆம் தேதி கேஸ்பர்ல இறந்தார், 56 வயசு. ஸ்காலர்ஷிப் குடுத்து காலேஜ்ல சேர்த்த அதே ஊரு. அந்த வருஷமே ரோடியோ ஹால் ஆஃப் ஃபேம்ல பேர்பேக் வீரராவும், ரோடியோவுக்கு தொண்டு செஞ்சவராவும் ரெண்டு பிரிவுல சேர்த்தாங்க. கேசில இப்போ அவர் பேர்ல ஒரு பார்க், அதுல குதிரை மேல மல்லாந்து ஓட்டுற அவரோட வெண்கலச் சிலை. டிரம்ஸ் வாசிச்சிட்டிருந்த மகன் நெட் லெடூ இன்னைக்கு அப்பா வழில பாடிட்டிருக்கார்.

இந்த ரகத்துல இவர் மட்டும் கிடையாது. ரீபா மெக்கன்டயர் பேரல் ரேசிங் ஓட்டின பொண்ணு, அவங்க அப்பா கயிறு வீசுறதுல மூணு தடவை உலக சாம்பியன், 1974ல நேஷனல் ஃபைனல்ஸ்ல தேசிய கீதம் பாடினப்போதான் அவங்க குரல கவனிச்சு நாஷ்வில்லுக்கு வழி காட்டினாங்க. கனடாவுல இயன் டைசன் ரோடியோல கணுக்கால உடைச்சுக்கிட்டு ஆஸ்பத்திரில படுத்திருந்தப்போ கிடார் கத்துக்கிட்டவர். இப்ப இருக்கிறவங்கள்ல கோடி ஜான்சன் டெக்சாஸ்ல காளை ஏறினவர்.

லெடூவக் கேக்கணும்னு தோணுச்சுன்னா, 1990கள்ல வந்த பளபள ஆல்பத்துல ஆரம்பிக்காதீங்க, 1970கள்ல சொந்தக் கம்பெனில போட்டதுல ஆரம்பிங்க. குரல் ஒண்ணும் அபாரம் கிடையாது, ஒலிப்பதிவும் சுமார்தான், சில இடத்துல சுருதி கூட லேசா நழுவும். வரிகளக் கையில வச்சுக்கிட்டு கேளுங்க, பேர்பேக் விதிகள் இப்ப தெரியும்ங்கிறதால எந்த வரில என்ன நடக்குதுன்னு பிடிபட்டுடும்.